புது போர்டில் பழைய வேகம்கூட வரவில்லை: காலடிப்பேட்டை வெயிலில் ஒரு ஓவர்க்ளாக் பதிவு

பழைய பி450 மதர்போர்டு (ப்ராசஸரும் ராமும் உட்காரும் தாய்ப்பலகை) உப்புக்காற்றில் போய்ச் சேர்ந்தது. வடசென்னைக் காலடிப்பேட்டையில் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்துகொண்டு கம்ப்யூட்டர் சாமானுக்கு நீண்ட ஆயுளை எதிர்பார்க்க முடியாது. ராம் ஸ்லாட் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது, ஆடியோ ஜாக்குகளில் வெள்ளைப் பொடி. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்ததில் கொஞ்ச காலம் ஓடியது. அப்புறம் பட்டனை அழுத்தினால் ஃபேன் மட்டும் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. சரி என்று மெட்ரோ பிடித்து அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் கையிலிருந்த பணத்துக்குள் அடங்கிய ஒரு பி550 போர்டை வாங்கி வந்தேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்.

ப்ராசஸர் அதேதான், ரைசன் 5 5600. ராம் அதே 8 ஜிபி குச்சிகள் இரண்டு, டிடிஆர்4 3600. எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தருகிற பெட்டி), கேபினட், டவர் கூலர், பழைய கிராஃபிக்ஸ் கார்டு எதுவும் மாறவில்லை. மாறியது போர்டு மட்டும். பி450 வந்தது 2018-இல், பி550 வந்தது 2020-இல். ஆக, காகிதத்தில் இது ஒரு படி மேலே. ஆனால் முதல் கல்யாண வீடியோவை ரெண்டருக்குப் போட்டதுமே, அதாவது எடிட் செய்ததைக் கடைசிக் கோப்பாக்கத் தொடங்கியதுமே, வித்தியாசம் தெரிந்துவிட்டது. பழைய போர்டில் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிகிற வேலை, இதில் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்து வந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

போர்டைத் திருப்பிக் கொடுக்கலாமே என்று கேட்கலாம். கடையில் கொடுத்தால் சர்வீஸ் சென்டரைக் கை காட்டுவார்கள், சர்வீஸ் சென்டரில் ஆன் செய்து பார்த்து “ஓடுதே சார்” என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய் இல்லை, ஓடத்தான் செய்கிறது. எனக்குத் தேவை ஓடுவது இல்லை, மே மாத மத்தியானத்தில் இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓடுவது.

பெட்டியைத் திறந்து போர்டை நன்றாகப் பார்த்தால் பாதி பதில் அங்கேயே இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் கொடுக்கிற 12 வோல்ட்டை ப்ராசஸருக்கு வேண்டிய ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு இறக்குவது விஆர்எம் பகுதி. 12 வோல்ட்டில் ஏழெட்டு ஆம்பியராக வருவது, இறங்கி முடிக்கும்போது அறுபது எழுபது ஆம்பியராகிவிடும். அத்தனையும் சாக்கெட்டுக்கு இடது பக்கம் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சின்னச் சின்ன மாஸ்ஃபெட்டுகள் (கரன்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச் சிப்கள்) வழியாகத்தான் போகிறது. இந்த போர்டில் ப்ராசஸர் கோர்களுக்கு (கணக்குப் போடும் பகுதிகளுக்கு) நான்கு ஃபேஸ், அதாவது கரன்ட்டைப் பங்குபோட நான்கே வரிசை. மேலே சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட்சிங்க் கிடையாது, வெறும் மொட்டை. மாஸ்ஃபெட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. சூடு ஏற ஏற அதன் தடையும் ஏறும். தடை ஏறினால் அதே கரன்ட்டுக்கு இன்னும் கொஞ்சம் சூடு.

இதோடு என் டவர் கூலரும் சேர்ந்துகொள்கிறது. ப்ராசஸர் டப்பாவோடு வரும் சின்னக் கூலர் மேலிருந்து கீழே ஊதும், அந்தக் காற்று சுற்றியுள்ள மாஸ்ஃபெட்டுகள் மீதும் படும். டவர் கூலர் முன்னாலிருந்து பின்னால் ஊதும். ப்ராசஸர் குளிர்ச்சியாக இருக்கும், பக்கத்தில் விஆர்எம் வெந்துகொண்டிருக்கும். பழைய போர்டில் கனமான அலுமினிய ஹீட்சிங்க் இருந்ததால் இது வெளியே தெரியாமலே போயிற்று. மலிவு போர்டு வாங்கினால் மலிவுக் கூலரே மேல் என்று சொல்கிற அளவுக்கு இதில் விஷயம் இருக்கிறது.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் இருக்கிற நிலையை அளந்து வைத்துக்கொள்வது என் வழக்கம். ப்ராசஸரை வேலை வாங்கி மதிப்பெண் தருகிற சினிபெஞ்ச் ஆர்23-ஐப் பத்து நிமிஷ ஓட்டமாகப் போட்டு, பக்கத்தில் சென்சார் எண்களைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்தேன். முதல் சுற்றில் 10,900-க்குப் பக்கத்தில் வந்தது. இந்த ப்ராசஸருக்கு அது நியாயமான எண். கடைசிச் சுற்றில் 9,600 என்று இறங்கி நின்றது. ப்ராசஸர் வெப்பம் 78 டிகிரியைத் தாண்டவில்லை. இதன் வரம்பு 90, ஆக வேகம் குறைவது ப்ராசஸர் சூட்டால் இல்லை.

இந்த போர்டில் விஆர்எம்முக்கு வெப்ப சென்சாரே கிடையாது, அதனால் கையால்தான் அளக்க வேண்டும். நெற்றியில் காட்டுகிற மாதிரியான இன்ஃப்ராரெட் துப்பாக்கியை நம்ப வேண்டாம். பளபளப்பான ஈயப்பற்று, உலோக முனை மீது காட்டினால் உண்மையைவிட ரொம்பக் குறைவாகக் காட்டும்; சின்னப் பாகமாக இருந்தால் பக்கத்து இடத்தின் சூட்டையும் சேர்த்துச் சராசரி போட்டுவிடும். மல்டிமீட்டரோடு வந்த கே வகைத் தெர்மோகப்புள் (சூட்டை அளக்கும் கம்பி) முனையை மாஸ்ஃபெட் தலையில் வைத்து, மஞ்சள் நிறக் கேப்டான் என்ற சூடு தாங்கும் டேப்பால் அழுத்தி ஒட்டினேன். சாதா செல்லோ டேப் இந்தச் சூட்டில் கழன்றுவிடும். அறை 35 டிகிரி. சினிபெஞ்ச் தொடங்கியதும் மீட்டர் மளமளவென்று ஏறி 90-ஐத் தாண்டி, 108-இல் போய் ஊசலாடியது. அது ஊசலாடிய அதே நேரத்தில்தான் கோர் வேகமும் மேலும் கீழுமாக ஆடியது.

கீழ் வீட்டுத் தம்பி அந்த நேரம் பார்த்து மேலே வந்தான். அவனும் கேமுக்காக மெஷின் வைத்திருப்பவன்.

“இன்னாண்ணா, கம்ப்யூட்டருக்கு ஜுரமா?”

“நூத்தி எட்டு டா.”

“ஸ்கோர் நல்லாத்தானண்ணா வந்துது மொதல்ல?”

அவன் கேட்டதில்தான் சூட்சுமமே இருக்கிறது. முதல் நிமிஷத்து எண் ஏன் அவ்வளவு நன்றாக வருகிறது? 5600-க்கு ஏஎம்டி வைத்திருக்கும் கணக்கு 65 வாட் டிடிபி (வெளியேற்ற வேண்டிய சூட்டின் கணக்கு). சாக்கெட்டுக்குப் போகும் மொத்தச் சக்திக்கான வரம்பு, அதாவது பிபிடி, 76 வாட். ஆனால் எத்தனை வாட் போகிறது என்று ப்ராசஸருக்குத் தெரிவிப்பது போர்டுதான். போர்டு குறைத்துச் சொன்னால், ப்ராசஸர் இன்னும் இடம் இருக்கிறது என்று நம்பி அதிகம் இழுக்கும். இதைக் கண்டுபிடிக்க எச்டபிள்யூஇன்ஃபோவில் 2020-இல் ஒரு வரி சேர்த்தார்கள், பவர் ரிப்போர்ட்டிங் டீவியேஷன் என்று. எல்லா கோரும் முழு வேலையில் இருக்கும்போது, பயாஸில் (போர்டின் அமைப்பு மெனுவில்) எதையும் தொடாத நிலையில் பார்க்க வேண்டும். 100 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் போர்டு உண்மை சொல்கிறது. சும்மா இருக்கும்போது அந்த வரி காட்டுகிற எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

எனக்கு 82 வந்தது. 76-ஐ 0.82-ஆல் வகுத்தால் 92 வாட் சொச்சம். சுவர் பிளக்கில் மாட்டுகிற பவர் மீட்டரிலும் சரிபார்த்தேன். பழைய போர்டோடு எழுதி வைத்திருந்த எண்ணைவிட இருபது வாட்டுக்கு மேல் கூடுதலாகக் காட்டியது. ஆக, ஹீட்சிங்க் இல்லாத நான்கு ஃபேஸை வைத்துக்கொண்டு, கேட்காமலேயே ஒரு ஓவர்க்ளாக்கை (நிர்ணயித்த அளவைத் தாண்டி ஓட்டுவதை) உள்ளே செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு நிமிஷ சோதனையில் ஸ்கோர் அழகாக வரும். அதற்கு மேல் யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை.

இந்த நிலையிலும் வழக்கமான ஓவர்க்ளாக்கை ஒருமுறை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். எல்லை எங்கே என்று தெரியாமல் பின்வாங்குவது எனக்குப் பிடிக்காது. எல்லா கோருக்கும் நிலையான 4.6 கிகாஹெர்ட்ஸ், 1.3 வோல்ட். பயாஸில் 1.3 கொடுத்தாலும் முழு வேலை ஏறியதும் 1.22-க்கு இறங்கியது. சுமை ஏறும்போது இப்படிச் சரிவதை ஈடுகட்ட லோட் லைன் காலிப்ரேஷன் என்று ஒன்று இருக்கும். இந்த போர்டில் அதற்கு ஆட்டோ, ஆன் என்று இரண்டே நிலை. ஆன் வைத்தால் 1.28-இல் நின்றது. சினிபெஞ்ச் முதல் சுற்றில் 11,900. தம்பி கைதட்டினான். மூன்றாவது சுற்றின் நடுவில் படக்கென்று எல்லா கோரும் 550 மெகாஹெர்ட்ஸுக்கு விழுந்தன. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிய ஷேர் ஆட்டோ மாதிரி மவுஸ் நகர்ந்தது. விஆர்எம் தாங்க முடியாமல் ப்ராக்ஹாட் என்ற கம்பியை இழுத்து ப்ராசஸரை நிறுத்தச் சொல்கிறது, ப்ராசஸரும் கீழ்ப்படிகிறது. தெர்மோகப்புள் 121 காட்டியது. பாதுகாப்பு வேலை செய்கிறது என்பது மட்டும் நல்ல சேதி. இந்த போர்டில் நிலையான ஓவர்க்ளாக் என்ற பேச்சை அதோடு மூடிவிட்டேன்.

சூட்டுக்கு இரண்டு வழி. ராஸ்பெர்ரி பை போர்டுக்கு ஒட்டுகிற குட்டி அலுமினிய ஹீட்சிங்குகளை மாஸ்ஃபெட் மேல் ஒட்டலாம். பலர் ஒட்டுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கேபினட் நிற்கிற வாட்டத்தில் அவை செங்குத்தாகத் தொங்கும். நூறு டிகிரியில் தெர்மல் டேப்பின் பசை இளகி, ஒன்று கழன்று கீழே இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டின் முதுகில் விழுந்தால் கதை முடிந்தது. ஒட்டுகிற அலுமினியத்தைவிடக் காற்றுதான் வேலை செய்யும். 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றைக் கேபிள் டை போட்டுக் கூலரின் ஓரத்திலேயே கட்டி, மாஸ்ஃபெட் வரிசையைப் பார்த்துச் சாய்த்து வைத்தேன். வேகம் நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்குச் சற்று மேல், சத்தம் பெரிதாக இல்லை. அதே 35 டிகிரி அறையில், அதே ஸ்டாக், அதாவது எதையும் மாற்றாத, அமைப்பில் 108 என்பது 84-க்கு வந்தது. வேகம் ஆடுவதும் நின்றது. இந்த மொத்தப் பதிவில் காசுக்கு அதிகம் திருப்பிக் கொடுத்தது அந்த ஃபேன்தான்.

வேகத்தை எடுக்க அடுத்து நான் போனது வோல்டேஜைக் குறைக்கிற பக்கம். ஒரு சிப் தின்னும் சக்தி அதன் வேகத்தைப் பொறுத்து நேர் விகிதத்திலும், வோல்டேஜைப் பொறுத்து அதன் வர்க்கத்திலும் ஏறும். 1.3-இலிருந்து 1.2 வோல்ட்டுக்கு இறங்கினால், வேகம் குறையாமலே சுமார் 15 சதவீதச் சக்தி மிச்சம். மிச்சமாகிற சக்தியை ரைசன் தானாகவே வேகமாக மாற்றிக்கொள்ளும், அதன் பூஸ்ட் முறையே அப்படி. இதற்குக் கருவி பிபிஓ என்ற ஏஎம்டியின் பூஸ்ட் அமைப்பு மெனுவுக்குள் இருக்கும் கர்வ் ஆப்டிமைசர். ஒவ்வொரு கோருக்கும் மைனஸ் 30 முதல் ப்ளஸ் 30 வரை ஒரு எண் கொடுக்கலாம். ஒரு எண் என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட், மைனஸ் என்றால் அவ்வளவு குறைவு.

முதலில் பிபிடியை 64-ஆக இறக்கினேன். ஏன் 64? போர்டு 82 சதவீதம்தான் சொல்கிறது என்றால், 64 என்று அது எழுதும்போது உள்ளே போவது 78. நியாயமான ஸ்டாக் அளவுக்குத் திரும்பிவிட்டோம். அதன் மேல் எல்லா கோருக்கும் மைனஸ் 25. பத்து நிமிஷ சினிபெஞ்ச் 11,250-இல் ஆரம்பித்து 11,200-இல் முடிந்தது. தெர்மோகப்புள் 74. முதல் நாள் பார்த்த 9,600-உடன் ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு கூடுதல், சுவர் மீட்டரிலோ வாட் குறைவு.

“முடிஞ்சுதுண்ணா?” என்றான் தம்பி. ஸ்கோர் வந்துவிட்டது, திரை நீலமாகவில்லை, அவனைப் பொறுத்தவரை முடிந்தது.

நான் நம்பாத இடம் இது. சினிபெஞ்ச் ஒரு படத்தை வரைகிறது. நடுவில் ஒரு கூட்டல் தப்பானால் அதற்குத் தெரியாது. தப்பைத் தானே கண்டுபிடிக்கிற சோதனைதான் வேண்டும். ப்ரைம்95 அந்த வகை. 1996-இல் தொடங்கிய மெர்சென் பகா எண் (இரண்டின் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வரும் பகா எண்) தேடலுக்காக எழுதப்பட்டது. ராட்சத எண்களைப் பெருக்கும்போது விடை முழு எண்ணுக்கு எவ்வளவு தள்ளி வருகிறது என்று ஒவ்வொரு படியிலும் பார்க்கும். ரவுண்டிங் 0.5 வந்தது, 0.4-க்குக் கீழே இருந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிட்டு அந்தத் த்ரெட்டை (வேலை இழையை) நிறுத்திவிடும். நீலத்திரை வேண்டியதில்லை, அந்த ஒரு வரி போதும். பகா எண் ஆட்களுக்கு சிப்களின் குட்டை உடைப்பது புதிதில்லை. 1994-இல் பென்டியத்தின் வகுத்தல் பிழையைப் பிடித்தவர் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர். இரட்டைப் பகா எண்களின் (இரண்டு வித்தியாசத்தில் ஜோடியாக வருபவை) தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டிருந்தபோது விடை இடித்தது.

ப்ரைம்95-இன் ஸ்மால் எஃப்எஃப்டி என்ற சூடேற்றும் சோதனை, எல்லா கோரிலும், ராத்திரி முழுக்க. ஒரு பிழை இல்லை. காலையில் எழுந்து, ப்ரைமை நிறுத்திவிட்டு, காபி குடித்துக்கொண்டே பிரவுசரைத் திறந்தேன். மெஷின் பொசுக்கென்று ரீஸ்டார்ட் ஆனது.

கர்வ் ஆப்டிமைசரில் பலருக்கும் புரியாத இடம் இதுதான். எல்லா கோரும் மாட்டு வேலை செய்யும்போது வேகம் 4.2, 4.3 என்றுதான் இருக்கும், ஏனென்றால் வாட் வரம்பு இடிக்கும். பிரவுசர் திறக்கிற மாதிரிச் சில்லறை வேலையில் ஒரே ஒரு கோர் எழுந்து 4.4 வரை தாவும். வோல்டேஜ் வளைவின் உச்சி முனை அதுதான். மைனஸ் 25 அங்கே போதவில்லை. எவ்வளவு நேரம் முழுச் சுமையில் வதைத்தாலும் இந்தப் பிழை கண்ணில் படாது. சும்மா இருக்கும்போதுதான் விழும். அதனால் கோர்சைக்ளர் என்ற சின்ன ஸ்கிரிப்ட்டுக்கு மாறினேன். அது அதே ப்ரைம்95-ஐ ஒரு நேரத்தில் ஒரு கோரில் மட்டும் ஓட்டும், சில நிமிஷம் கழித்து அடுத்த கோருக்குத் தாவும். ஏவிஎக்ஸ் என்ற கனமான கட்டளைத் தொகுப்பு வேண்டாம், இலேசான எஸ்எஸ்இ வைத்தால் போதும். வேலை இலேசாக இருந்தால்தான் கோர் உச்ச வேகத்துக்குப் போகும்.

விண்டோஸின் நிகழ்ச்சிப் பதிவான ஈவன்ட் வியூவரில் ஹியா லாகர், ஐடி 18, கேஷ் ஹைரார்க்கி எரர் என்று ஒரு பதிவு விழுந்திருந்தது. கூடவே வரும் ஏபிஐசி எண் எந்தக் கோர் என்பதற்குத் துப்பு. கோர்சைக்ளரும் அதே கோரில்தான் நின்றது. வேடிக்கை என்னவென்றால், விழுந்தவை மெஷினிலேயே நல்ல கோர்கள் என்று நட்சத்திரம் குத்தியிருக்கும் இரண்டும். தொழிற்சாலையிலேயே அவற்றுக்கு வோல்டேஜை இறுக்கிப் பிடித்திருப்பார்கள், மேலும் குறைக்க அங்கே இடம் இருக்காது. சுமாரான கோர்களிடம்தான் கொழுப்பு அதிகம். கடைசியில் நட்சத்திரக் கோர்கள் இரண்டும் மைனஸ் 8, மைனஸ் 11 என்று நின்றன. மற்ற நான்கில் மூன்று மைனஸ் 25-ஐத் தாங்கின, ஒன்று மைனஸ் 20. எல்லா கோருக்கும் ஒரே எண் போட்டுவிட்டு “ஸ்டேபிள்” என்று ஸ்க்ரீன்ஷாட் போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காபி குடிக்கும்போது மெஷினைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

இந்த ராத்திரி ஓட்டங்களுக்கு நடுவே வீட்டில் ஒரு கேள்வி வந்தது. “ஏங்க, விடிய விடிய இது ஓடுதே, கரன்ட் பில்லு?” சுவர் மீட்டரில் 130 வாட் என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் சொச்சம். கீழே ஓடுகிற ஏசியோடு ஒப்பிட்டுக் காட்டியதும் பேச்சு ஏசியை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதற்குத் திரும்பிவிட்டது.

ராம்தான் ரொம்பப் படுத்தியது. எக்ஸ்எம்பி (ராமிலேயே எழுதியிருக்கும் வேக அமைப்பு) போட்டு 3600 கேட்டால், போர்டு இரண்டு மூன்று முறை அணைந்து எரிந்து, கடைசியில் எதுவும் நடக்காதது போல 2400-இல் எழுந்து நிற்கும். பழைய போர்டில் இதே குச்சிகள் வருஷக்கணக்கில் 3600-இல் ஓடியவை. கம்பெனி தளத்திலிருந்து புது பயாஸை எடுத்து, எஃப்ஏடி32 பென் டிரைவில் போட்டு ஏற்றினேன். கரன்ட் போனால் போர்டு செங்கல்லாகிவிடும் என்பதால் யூபிஎஸ் பேட்டரி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் கை வைத்தேன். புது பயாஸில் பூட் ஆனது, ஆனால் எஸ்ஓசி வோல்டேஜை (ராம் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் போவது) ஆட்டோவில் 1.2-க்கு ஏற்றி வைத்தது. 3600-க்கு இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் (ப்ராசஸரின் உள் இணைப்பு) 1800 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும், அதற்கு 1.1 தாராளம். 1.1 என்று கையால் எழுதினேன், ராம் வோல்டேஜ் 1.36. பூட் ஆகாமல் அடம்பிடித்த நேரங்களில் சிமாஸ் (பயாஸ் அமைப்புகளின் நினைவு) பின் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டு அழித்து, மறுபடி முதலிலிருந்து.

பென் டிரைவிலிருந்து, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ போட்டு ராத்திரி ஓட்டினால் சுத்தமாக வந்தது. அடுத்த நாள் மத்தியானம் விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 ஓட்டினால், அரை மணி நேரத்தில் பிழைகள். அதே அமைப்பு, அதே குச்சிகள். வித்தியாசம் வெயில். ராத்திரி மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு தூங்குகிறது, ஜன்னல் வழியே கடற்காற்று வருகிறது. கத்திரி நேரத்தில் கடற்காற்று தாமதித்தால், இந்த மாடி அறை அடுப்புதான். தெர்மோகப்புள் முனையை இரண்டு குச்சிகளுக்கும் நடுவே சொருகினேன். ராத்திரி 41, மத்தியானம் கார்டையும் வேலை வாங்கினால் 55.

ராம் சிப்பில் இருக்கும் டிராம் செல் என்பது ஒரு சின்னக் கெப்பாசிட்டர். சூடு ஏறினால் சார்ஜ் சீக்கிரம் கசியும். அதனால்தான் 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை சார்ஜைப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷ் கட்டளை போகிறது. 85 டிகிரியைத் தாண்டினால் அந்த இடைவெளியைப் பாதியாக்க வேண்டும் என்பது டிடிஆர்4 விதி. 55 ஒன்றும் 85 இல்லை. ஆனால் ஓவர்க்ளாக் செய்து, டைமிங்கை இறுக்கி, சுமாரான போர்டு வழியே ஓட்டும்போது ஓரத்தில் நிற்கிற செல்கள் அதற்கு முன்பே கவிழும். ரெஃப்ரெஷுக்குக் கொடுக்கும் நேரமான டிஆர்எஃப்சியைப் பார்த்தால், போர்டு ஆட்டோவில் 560 என்று இறுக்கியிருந்தது. 8 ஜிகாபிட் சிப்புக்கு விதிப்படி 350 நானோசெகண்ட். 1800 மெகாஹெர்ட்ஸில் அது 630 சைக்கிள். 630 எழுதினேன். பிழைகள் பெருமளவு குறைந்தன, ஆனால் ஒன்றிரண்டு மிச்சம். ராமில் ஒன்றிரண்டு என்பதும் தோல்விதான்.

3466-க்கு இறங்கினேன். ஃபேப்ரிக் 1733, டிஆர்எஃப்சி 607. சிஎல் (ராம் பதில் சொல்லும் தாமதம்) 17 கொடுத்துப் பார்க்க ஆசைதான், ஆனால் கியர் டவுன் மோட் ஆனில் இருந்தால் ஒற்றைப்படை எண்ணை ஓசைப்படாமல் 18-ஆக்கிவிடும். அதை ஆஃப் செய்தால் இந்த போர்டு பூட் ஆவதே சந்தேகம். 18-ஆகவே இருக்கட்டும். மத்தியான வெயிலில், கார்டும் கொதிக்க, ஜன்னலைச் சாத்திவைத்து ஓட்டினேன். பிழை இல்லை. 3600-க்கும் 3466-க்கும் ரெண்டர் நேரத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாத அளவுதான். பெட்டியில் அச்சிட்ட எண் வரவில்லையே என்ற எரிச்சல் மட்டும் உண்டு.

செயற்கைச் சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு, என் தொழிலுக்கே ஏற்ற ஒரு சோதனை வைத்தேன், இதை வீடியோ வேலை செய்கிற எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன். வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264 என்கோடர், ஒரே கோப்பை ஒரே அமைப்பில் எத்தனை முறை ஓட்டினாலும் பைட் மாறாமல் அதே கோப்பைத்தான் கொடுக்கும். த்ரெட் எண்ணிக்கையை மட்டும் மாற்றாமல் வைக்க வேண்டும். வேளை, தேதி எதுவும் உள்ளே எழுதாத வெறும் .264 கோப்பாக எடுத்தால் எம்டி5 மதிப்பு (கோப்பின் கைரேகை மாதிரி) ஒன்றாகவே வர வேண்டும். முகூர்த்த நேரத்து நான்கு நிமிஷத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். அட்சதை தூவுகிற இடம், அதில் ஒவ்வொரு பிக்சலும் அசையும், என்கோடருக்கு மூச்சு வாங்கும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவி கொண்டு அதையே திரும்பத் திரும்ப என்கோட் செய்து, எம்டி5-ஐ ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வரிசையாக எழுதும் ஒரு சின்னப் பேட்ச் ஃபைல். ஒரு வரி மாறினாலும் எங்கோ ஒரு பிட் புரண்டிருக்கிறது.

ராம் 3600-இல் இருந்த முந்தைய அமைப்புக்குத் திரும்பிப் போய் அதையும் இதில் ஓட்டினேன். நீலத்திரை இல்லை, ரீஸ்டார்ட் இல்லை, நிகழ்ச்சிப் பதிவில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை. ஆனால் வரிசையின் நடுவே ஒரே ஒரு எம்டி5 மட்டும் வேறாக இருந்தது. அந்தக் கோப்பைத் திறந்து தேடினால், மாப்பிள்ளையின் தோளுக்கு மேலே ஒரு பச்சைக் கட்டம், சில ஃப்ரேமுக்கு மட்டும். ஆல்பம் டெலிவரியில் அது போயிருந்தால் பெண் வீட்டார் பென் டிரைவை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்திருப்பார்கள். தம்பியைக் கூப்பிட்டு அந்தக் கட்டத்தைக் காட்டினேன்.

“இது தெரியாம போயிருந்தா?” என்றான்.

“நீ சொன்ன மாதிரி, முடிஞ்சுது.”

3466 அமைப்பில் ராத்திரியும் மத்தியானமும் சேர்த்து ஓடவிட்டதில் எல்லா வரியும் ஒன்றுபோல வந்தன. நடுவில் ஒரு மின்வெட்டும் வந்து போனது. யூபிஎஸ் டக்கென்று மாறியது, என்கோடு நிற்கவில்லை, அந்த வரியும் சரியாகவே இருந்தது.

இப்போது ஓடுகிற அமைப்பு: பிபிடி 64, கர்வ் கோருக்குக் கோர் தனித்தனி, ராம் 3466, எஸ்ஓசி 1.08. 1.1-இலிருந்து இறக்கியும் பிழை வரவில்லை என்பதால் அங்கேயே விட்டிருக்கிறேன். பத்து நிமிஷ சினிபெஞ்ச் 11,100-ஐ ஒட்டி நிற்கிறது, பழைய போர்டைவிட ஒரு கை அதிகம். அறை 37 டிகிரியாக இருந்தபோதும் மாஸ்ஃபெட் 78-ஐத் தாண்டவில்லை. பூஸ்ட் வரம்பை 200 மெகாஹெர்ட்ஸ் ஏற்றுகிற வசதியும் மெனுவில் இருக்கிறது. அதை ஏற்றினால் கோருக்குக் கோர் செய்த சோதனை அத்தனையும் திரும்பத் தொடங்க வேண்டும், கிடைப்பதோ ரெண்டரில் ஒன்றும் இல்லை. தொடவில்லை.

பயாஸில் ப்ரொஃபைலாகச் சேமித்து, கூடவே ஒவ்வொரு திரையையும் போனில் படமெடுத்து வைத்திருக்கிறேன், ஏனென்றால் அடுத்த பயாஸ் ஏற்றினால் சேமித்த ப்ரொஃபைல் எல்லாம் போய்விடும். அந்த 80 மில்லிமீட்டர் ஃபேனின் இறகுகளில் லாரிப் புகைக் கரி இப்போதே படியத் தொடங்கிவிட்டது. இறகுகளைத் துடைக்கிற நாளில் மாஸ்ஃபெட் முனைகளிலும் பச்சை தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்கிறேன். ஃபேன் பேரிங் உப்புக்கு எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டும், அதே அளவில் இன்னொன்று வாங்கி அலமாரியில் வைத்தாயிற்று. மழைக்காலம் வந்து அறை 28-க்கு இறங்கியதும் 3600-ஐ அந்தப் பேட்ச் ஃபைலோடு மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். அதுவரை டெலிவரி வேலைகள் எல்லாம் 3466-இல்தான்.